புவியியல் பட்டதாரிக்கு வேலை: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

தமிழ்நாட்டில் பி.ஏ. அல்லது பி.எஸ்சி. புவியியல் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும், முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். என்னென்ன வேலைகள் உண்டு என்ற பட்டியல் எல்லா மாணவர்களிடமும் இருக்கிறது. கல்லூரி கருத்தரங்கில் யாராவது வந்து அதைப் படித்துக் காட்டிவிட்டுப் போயிருப்பார்கள். நான் பார்த்த ஜூனியர்களில் பெரும்பாலானோர் சறுக்கியது அந்தப் பட்டியலைச் செயலாக்கும் வரிசையில். முதுகலையை முடித்த பிறகு வேலைக்கான தகுதியைப் படிக்கிறார்கள். மென்பொருள் வகுப்புக்குப் பணம் கட்டிய பிறகு அது எதற்கு என்று கேட்கிறார்கள். அதனால் இங்கே வரிசைதான் முக்கியம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வரைபடம், செயற்கைக்கோள் படம் என்று பெரும்பாலான பயிற்சி கணினியில்தான், அதனால் ஒரு மடிக்கணினி கட்டாயம். 8 ஜி.பி. ரேம் இருந்தால் ஓட்டலாம், 16 இருந்தால் நிம்மதி. வன்தட்டு எஸ்.எஸ்.டி. ஆக இருக்கட்டும். தனியாக ஒரு மவுஸ் வாங்கிக்கொள்ளுங்கள். டச்பேடில் ஏரிக்கரையை வரைய உட்கார்ந்தால் அரைமணி நேரத்தில் ஆர்வமே போய்விடும். போனில் பழகிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம்.

இணைய வசதியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். சென்டினல்-2 செயற்கைக்கோளின் ஒரு முழுக் காட்சியே ஏறத்தாழ 1 ஜி.பி. வரும். போன் டேட்டாவை நம்பி இருப்பவர்கள் கல்லூரி வைஃபையில் இறக்கிக்கொள்வது நல்லது.

கோப்புறைகளுக்குப் பெயர் வைக்கும் பழக்கத்தை முதல் நாளே சரிசெய்துகொள்ளுங்கள். பெயரில் இடைவெளி வேண்டாம், தமிழ் எழுத்தும் வேண்டாம். டெஸ்க்டாப்பில் எல்லாவற்றையும் கொட்டவும் வேண்டாம். பல கருவிகள் பாதையில் இடைவெளி இருந்தாலே பிழை காட்டும். என்ன பிழை என்று தேடியே ஒரு நாள் போய்விடும்.

2. தகுதி வரியை முதலில் படியுங்கள்

பாடத்திட்டத்துக்கும் முன்னால் படிக்க வேண்டியது, வேலை அறிவிப்புகளில் கல்வித் தகுதி என்று எழுதியிருக்கும் அந்த இரண்டு மூன்று வரிகள். நீங்கள் குறிவைக்கும் ஒவ்வொரு பணிக்கும் கடைசியாக வந்த அறிவிப்பின் பி.டி.எஃப். கோப்பை இறக்கி, அந்த வரிகளை மட்டும் ஒரு நோட்டில் அப்படியே எழுதிவையுங்கள். சுருக்கி எழுதாதீர்கள். "அல்லது", "மற்றும்" என்ற இரண்டு சொற்களில்தான் வாழ்க்கை மாறும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், புவியியல்காரர்கள் தங்களுக்கு உரியவை என்று நம்பும் சில வேலைகள் உண்மையில் அவர்களுக்குத் திறந்திருப்பதில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிவியல் உதவியாளர் பணிக்கு இயற்பியலை ஒரு பாடமாகக் கொண்ட அறிவியல் பட்டமோ, கணினி, மின்னணு சார்ந்த பட்டமோ கேட்டிருக்கிறார்கள். காலநிலையியலில் நீங்கள் எவ்வளவு மதிப்பெண் வாங்கியிருந்தாலும் அங்கே செல்லாது. இந்திய புவிச்சரிதவியல் ஆய்வுத் துறைக்கு ஆளெடுக்கும் யு.பி.எஸ்.சி. தேர்வு புவிச்சரிதவியல், புவி இயற்பியல், வேதியியல் போன்ற பாடங்களில் முதுகலை முடித்தவர்களுக்கானது. இந்திய வனப்பணிக்குத் தாவரவியல், விலங்கியல், புவிச்சரிதவியல், கணிதம் எல்லாம் தகுதிப் பாடங்கள். புவியியல் அந்த வரிசையில் இல்லை. வனப்பணிக்கென்று ஒரு வருடம் தயாரான பிறகு இதைத் தெரிந்துகொள்வது கொடுமை.

பி.ஏ., பி.எஸ்சி. வேறுபாட்டையும் இந்த நேரத்திலேயே பார்த்துவிடுங்கள். பாடங்கள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தாலும் "அறிவியல் பட்டம்" என்று கேட்கும் இடத்தில் பி.ஏ. வைத்திருப்பவர் மாட்டிக்கொள்வார். ஏற்கெனவே பி.ஏ. சேர்ந்துவிட்டீர்கள் என்றால் கவலைப்பட வேண்டாம், எந்தெந்த வாசல் உங்களுக்கு இல்லை என்று குறித்துக்கொண்டால் போதும்.

3. ஒரு முதன்மைப் பாதை, ஒரு துணைப் பாதை

உண்மையில் ஆட்கள் வேலைக்குச் சேரும் பாதைகள் நான்கு. ஜி.ஐ.எஸ். (இடம் சார்ந்த தரவைக் கணினியில் வரைபடமாக்கி ஆயும் முறை) மற்றும் தொலையுணர்வு (செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலத்தை ஆய்வது), பள்ளி அல்லது கல்லூரி ஆசிரியர் பணி, போட்டித் தேர்வு வழியாக அரசுப் பணி, அப்புறம் நகரத் திட்டமிடல், மக்கள்தொகை ஆய்வு, சூழலியல் போன்ற அடுத்த வீட்டுத் துறைகள்.

இதில் ஒன்றை முதன்மையாகவும் இன்னொன்றைத் துணையாகவும் வையுங்கள். நான்கையும் கையில் வைத்துக்கொண்டு எதிலும் ஆழமாகப் போகாதவர்கள்தான் அதிகம். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வதும் சரியல்ல. தேர்வு அறிவிப்பு எப்போது வரும் என்று நம் கையில் இல்லையே.

ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் ஜோடியாகப் பாருங்கள். கல்லூரி ஆசிரியர் பணியும் ஆட்சிப்பணித் தேர்வும் (யு.பி.எஸ்.சி. குடிமைப்பணித் தேர்வு) நன்றாகப் பொருந்தும்: புவிப்புறவியல் (நிலத்தோற்றங்கள் பற்றிய படிப்பு), காலநிலையியல், பயிர், தொழிற்சாலை, ஊர்கள் எங்கே அமையும் என்று விளக்கும் வான் துனென், வெபர், கிறிஸ்டாலர் கோட்பாடுகள் எல்லாம் இரண்டிலும் வருகின்றன. ஜி.ஐ.எஸ். பாதைக்கு நகரத் திட்டமிடலோ ஆய்வுத் திட்டப் பணியோ நல்ல துணை. ஜி.ஐ.எஸ். வேலையில் பகல் முழுக்க உற்பத்தி இலக்கை ஓட்டிவிட்டு இரவில் யு.பி.எஸ்.சி. படிப்பது மட்டும் பெரும்பாலும் நடக்காத காரியம். முடிந்தவர்கள் இருக்கலாம். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

4. முதுகலையின் பெயரைக் கவனியுங்கள்

இந்தப் படியில் நடக்கும் தவறைப் பின்னால் திருத்த முடியாது. பட்டச் சான்றிதழில் என்ன பெயர் அச்சாகிறது என்பதைச் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆக வேண்டும் என்றால், இளங்கலை, முதுகலை இரண்டிலும் "புவியியல்" என்றே இருப்பது பாதுகாப்பு. "பயன்பாட்டுப் புவியியல்", "புவித் தகவலியல்" (ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ்) என்று பெயர் சற்று மாறினாலும் அது இணையான பட்டம்தான் என்பதற்கு அரசாணை காட்டச் சொல்வார்கள். அந்த அரசாணை உங்கள் பல்கலைக்கழகத்தின் அந்தப் பட்டத்துக்கு வந்திருக்கிறதா என்று துறைத் தலைவரிடம் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். "எல்லாம் செல்லும்பா" என்ற வாய்வார்த்தையை நம்பிச் சேர்ந்தவர்கள் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்ற கதை நிறைய உண்டு.

தொழில்நுட்பம்தான் வேண்டும், ஆசிரியர் பணி வேண்டாம் என்ற தெளிவு இருந்தால் புவித் தகவலியல் முதுகலைக்கு நேராகப் போகலாம். டேராடூனில் இஸ்ரோவின் கீழ் இயங்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் பட்டயம் முதல் எம்.டெக். வரை நடத்துகிறது. எம்.டெக். பற்றி யோசிப்பவர்கள் கேட் தேர்வைப் பாருங்கள்: 2021-லிருந்து கலைப் பட்டதாரிகளும் அதை எழுதலாம், 2022-லிருந்து ஜியோமேடிக்ஸ் பொறியியல் (நில அளவை, தொலையுணர்வு, ஜி.ஐ.எஸ். சார்ந்தது) என்று தனித் தாளே இருக்கிறது. ஆனால் கேட் எழுதலாம் என்பது வேறு, அந்தக் கல்வி நிறுவனம் உங்களைச் சேர்த்துக்கொள்ளும் என்பது வேறு. பொறியியல் பட்டம் மட்டும் கேட்கும் இடங்களும் உண்டு. மறுபடியும் தகுதி வரி.

எதிலும் முடிவுக்கு வரவில்லையா? அப்போது வெறும் "புவியியல்" என்ற பெயரில் முதுகலை படியுங்கள். ஜி.ஐ.எஸ். திறனைத் தனியாகக் கற்றுச் சேர்த்துக்கொள்ளலாம். பட்டத்தின் பெயரைப் பின்னால் மாற்ற முடியாது.

5. ஜி.ஐ.எஸ். கற்கும் வரிசை

வந்த உடனே பைதான் நிரல்மொழியில் தொடங்குபவர்களும், கடைசி வரை டிஜிட்டைசிங் (படத்தின் மேல் கோடு வரைந்து தரவாக்குவது) மட்டும் செய்துகொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். நான் சொல்லும் வரிசை இது.

முதலில் ஆயத்தொலைவு முறைகளும், உருண்டையான பூமியைத் தட்டையாக்கும் வரைபட எறியங்களும். கல்லூரியில் எறியங்களைக் கையால் வரைந்திருப்பீர்கள், மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள். கணினியில் அது எங்கே கடிக்கிறது என்று யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். பாகையில் இருக்கும் ஓர் அடுக்கின் (வரைபடத் தரவின்) மேல் வெறும் தட்டைக் கணக்காகப் பரப்பளவு போட்டால் "சதுர பாகை" என்று பொருளற்ற எண் வரும். அதனால் டபிள்யூ.ஜி.எஸ். 84-இல் (பாகையில் இடம் சொல்லும் முறை) இருக்கும் தரவை யூ.டி.எம். மண்டலத்துக்கு (பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) மாற்றிவிட்டு அளக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதில் ஒரு சிக்கல்: 78 பாகை கிழக்கு நெட்டாங்கு மாநிலத்தின் நடுவே போகிறது. கோயம்புத்தூர், ஈரோடு, திருநெல்வேலி 43-ஆம் மண்டலம். சென்னை, திருச்சி, மதுரை 44. திண்டுக்கல் கோட்டுக்கு இந்தப் பக்கம், பக்கத்திலிருக்கும் மதுரை அந்தப் பக்கம். உங்கள் மாவட்டம் எதில் விழுகிறது என்று பார்த்து, வடக்கு 43-க்கு இ.பி.எஸ்.ஜி. (ஆயத்தொலைவு முறைகளுக்கான குறியீட்டு எண்) 32643, வடக்கு 44-க்கு 32644 என்று எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள்.

இரண்டாவது, க்யூ.ஜி.ஐ.எஸ். என்ற ஜி.ஐ.எஸ். மென்பொருள். இலவசம், முழு வசதி உண்டு, கள்ளப் பிரதி தேடி அலைய வேண்டியதில்லை. நீண்டகால ஆதரவுப் பதிப்பையே நிறுவுங்கள். புத்தம்புதிய பதிப்பில் சில செருகுநிரல்கள் ஓடாது. நிறுவனங்கள் எஸ்ரி நிறுவனத்தின் ஆர்க்ஜி.ஐ.எஸ். மென்பொருளைக் கேட்கின்றனவே என்றால், கருத்து புரிந்துவிட்டால் பொத்தான் இருக்கும் இடம் மாறுவது பெரிய விஷயமில்லை. கல்லூரி ஆய்வகத்தில் அதன் பழைய வடிவமான ஆர்க்மேப் மட்டும் இருந்தால் அதிலேயே தங்கிவிடாதீர்கள். அதற்கான ஆதரவை 2026 மார்ச்சோடு நிறுத்துவதாக எஸ்ரி அறிவித்தது; ஆர்க்ஜி.ஐ.எஸ். ப்ரோ வேறு மாதிரி இயங்கும்.

மூன்றாவது, கோப்பு வடிவங்கள். சாதாரண விஷயம் என்று தாண்டிவிடுவார்கள், நேர்முகத்தில் இதைத்தான் கேட்பார்கள். வரைபடத் தரவைச் சேமிக்கும் ஷேப்ஃபைல் என்பது ஒரே கோப்பு இல்லை. எஸ்.ஹெச்.பி. கோப்பை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினால் எதிரில் இருப்பவரால் அதைச் சரியாகத் திறக்க முடியாது; எஸ்.ஹெச்.எக்ஸ்., டி.பி.எஃப்., பி.ஆர்.ஜே. எல்லாம் சேர்ந்து போக வேண்டும். அதில் புலப்பெயர் (அட்டவணை நெடுவரிசையின் பெயர்) 10 எழுத்துக்கு மேல் நிற்காது. தமிழில் ஊர்ப்பெயர் சேர்த்தால் எழுத்துக் குறியாக்கம் சரியில்லாதபோது கட்டம் கட்டமாகத் தெரியும். இதற்கெல்லாம் ஜியோபேக்கேஜ் வடிவம் நல்ல மாற்று.

நான்காவது, தொலையுணர்வு அடிப்படை. இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியில் இலவசமாகவே பாடம் நடத்திச் சான்றிதழ் தருகிறது. பணம் கட்டும் எந்த வகுப்புக்கும் முன்னால் இதை முடியுங்கள். "100 விழுக்காடு வேலை உறுதி" என்று விளம்பரம் செய்து பெரிய தொகை கேட்கும் பயிற்சி மையங்களில், இதே பாடத்தைத்தான் மெதுவாக நடத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாவதாக எஸ்.க்யூ.எல். (தரவுத்தளத்தில் கேள்வி கேட்கும் மொழி), அதற்குப் பிறகே பைதான். காரணம், அட்டவணையில் கேள்வி கேட்கத் தெரியாதவர் நிரல் எழுதினாலும் என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்பார். போஸ்ட்ஜி.ஐ.எஸ். என்ற இடத்தரவுத் தரவுத்தளத்தில் "இந்த ஏரியிலிருந்து 500 மீட்டருக்குள் உள்ள பள்ளிகள் எவை" என்று எழுதத் தெரிந்தால் நீங்கள் பாதி விண்ணப்பதாரர்களைத் தாண்டிவிட்டீர்கள் என்பேன். பைதானில் ஜியோபாண்டாஸ், ராஸ்டீரியோ என்ற இரண்டு நிரல் நூலகங்களும் தொடக்கத்துக்குப் போதும். படங்களை இறக்காமல் இணையத்திலேயே ஆயும் கூகுள் எர்த் எஞ்சின் கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம், ஆனால் ஒரு படத்தையாவது கையால் இறக்கிச் செய்து பார்த்த பிறகு அதற்குப் போங்கள்.

6. ஒரே ஒரு வேலையை முழுசாகச் செய்யுங்கள்

சான்றிதழ்கள் பத்து வைத்திருப்பவரைவிட, ஒரு கேள்வியை எடுத்து முடிவு வரை கொண்டுபோனவரையே வேலைக்கு எடுக்கிறார்கள். என் பரிந்துரை, உங்கள் ஊர் ஏரி. தரவு இலவசம், நேரில் போய்ப் பார்க்கலாம், யாரும் செய்த வேலையை நகல் எடுத்தீர்கள் என்று சொல்ல முடியாது. மதுராந்தகம் ஏரியை வைத்துக்கொண்டு படிகளைச் சொல்கிறேன்.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியிலும், கோடையில் மே மாதத்திலும் ஏரியில் தண்ணீர் நிற்கும் பரப்பு எவ்வளவு ஹெக்டேர்?" இவ்வளவு குறுகலாக இருக்க வேண்டும். "ஏரிகளின் சூழலியல் மாற்றம்" என்று தொடங்கினால் முடியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிகஸ் தளத்தில் சென்டினல்-2 படங்களைத் தேடுங்கள். லெவல்-2ஏ என்ற வகையை எடுக்க வேண்டும். வளிமண்டலத் திருத்தம் ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை படங்களில் பெரும்பாலும் மேகம்தான் இருக்கும், அதனால்தான் கேள்வியில் ஜனவரி என்று வைத்தேன். மழைக்காலத்தையே பார்க்க வேண்டும் என்றால் மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் படம் வேண்டும். முதல் வேலைக்கு அது வேண்டாம். மேக விழுக்காடு முழுக் காட்சிக்குச் சொல்லப்படுவது. 5 விழுக்காடு என்று போட்டிருக்கும், அந்த 5-ம் உங்கள் ஏரி மேல் உட்கார்ந்திருக்கும். முன்னோட்டப் படத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு இறக்குங்கள்.

பழைய ஆண்டுகளோடு ஒப்பிடுகிறீர்கள் என்றால் ஒரு கண்ணி இருக்கிறது. 2022 ஜனவரி இறுதியில் சென்டினல்-2 படங்களைச் செயலாக்கும் முறை மாறி, எண்களில் 1000 கூடியிருக்கும்படி ஆனது. அதைக் கழிக்காமல் 2019 படத்தையும் 2024 படத்தையும் ஒப்பிட்டால் ஏரியில் நடக்காத மாற்றம் வரைபடத்தில் தெரியும்.

அடுத்து நீர்க்குறியீடு, அதாவது படத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீரைக் காட்டும் எண். பச்சைப் பட்டையிலிருந்து அண்மை அகச்சிவப்புப் பட்டையைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். சென்டினலில் இவை பி3, பி8. தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும், அதனால் தண்ணீர் உள்ள இடத்தில் எண் கூடும். சுழியத்துக்கு மேல் தண்ணீர் என்று பாடத்தில் இருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் இயல்வண்ணப் படத்தோடு வைத்துப் பாருங்கள். கலங்கிய ஆழமில்லாத ஓரங்கள் தவறிப்போகும். ஆகாயத்தாமரை மூடிய பகுதி வயல் மாதிரி தெரியும், அடியில் தண்ணீர் இருக்கும். இந்த வரம்பை அறிக்கையில் எழுதுவது உங்கள் மதிப்பைக் கூட்டும்.

நீர்ப்பரப்பைப் பல்கோணமாக மாற்றி, சிதறிய சின்னத் துண்டுகளை நீக்கி, யூ.டி.எம். 44-இல் பரப்பளவு எடுங்கள். விடை சரியா என்று பார்க்க எளிய வழி: 10 மீட்டர் படத்தில் ஒரு கட்டம் 100 சதுர மீட்டர், 100 கட்டம் ஒரு ஹெக்டேர். கட்டங்களை எண்ணி வந்த விடையும் பல்கோண விடையும் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எறியத்தில் தவறு இருக்கிறது.

அப்புறம் நேரில் போங்கள். கரை, மதகு, கலங்கல் (உபரி நீர் வழியும் இடம்) இருக்கும் இடங்களில் போன் ஜி.பி.எஸ். புள்ளி எடுத்துப் படம் பிடியுங்கள். ஆயக்கட்டு விவசாயி ஒருவரிடம் தண்ணீர் எதுவரை ஏறும் என்று கேளுங்கள். செயற்கைக்கோள் சொல்லாத இரண்டு விஷயமாவது அவர் சொல்வார், பெரும்பாலும் எங்கே வண்டல் மேடு தட்டியிருக்கிறது என்று.

கடைசியில் ஒரு வரைபடமும் ஒரு பக்க விளக்கமும். தலைப்பு, அளவுகோல், வடக்குக் குறி, படத்தின் தேதி, எறியம், தரவின் மூலம் அனைத்தும் இருக்கட்டும். மூலையில் இந்திய வரைபடம் சிறிதாக வைக்கும் வழக்கம் உண்டு. அந்த எல்லைக் கோப்பைச் சர்வே ஆஃப் இந்தியாவின் தளத்திலிருந்தே எடுங்கள். பல வெளிநாட்டு இலவசக் கோப்புகளில் ஜம்மு காஷ்மீர், லடாக் எல்லை நம் அரசு வெளியிட்டபடி இருக்காது. அரசு சார்ந்த எந்த நேர்முகத்திலும் அந்த ஒரு தவறு போதும், மற்ற உழைப்பை யாரும் பார்க்க மாட்டார்கள்.

7. முதல் ஜி.ஐ.எஸ். வேலை

தனியார் வேலைகள் ஹைதராபாத், பெங்களூரு, நொய்டா, புனே, சென்னை ஆகிய ஊர்களில் குவிந்திருக்கின்றன. மேப்மைஇந்தியா, ஜெனிசிஸ், சையன்ட், ஆர்.எம்.எஸ்.ஐ., எஸ்ரி இந்தியா போன்ற பெயர்களில் தேடத் தொடங்கலாம். தேடும்போது "புவியியல்" என்று போட்டால் ஆசிரியர் வேலைதான் வரும், ஜி.ஐ.எஸ். எக்ஸிகியூட்டிவ், ஜி.ஐ.எஸ். அனலிஸ்ட், போட்டோகிராமெட்ரி (படங்களிலிருந்து அளவெடுப்பது), லைடார் (லேசர் கொண்டு அளப்பது) என்று போடுங்கள்.

முதல் வேலை பெரும்பாலும் உற்பத்தி வேலை. சாலை, கேபிள், மின்கம்பம் என்று நாள் முழுக்க வரைய வேண்டும். தினசரி இலக்கு இருக்கும், சில இடங்களில் இரவுப்பணியும். சம்பளம் குறைவுதான், அதை மறைத்துப் பயனில்லை. அதைப் பள்ளிக்கூடமாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அங்கேயே உட்கார்ந்துவிடாதீர்கள். தரக்கட்டுப்பாட்டுக்கு மாறக் கேளுங்கள், உங்கள் குழு கையால் செய்யும் ஏதாவது ஒரு சலிப்பான வேலையைப் பைதானில் எழுதிக் காட்டுங்கள். பதவி உயர்வு பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது.

பயோடேட்டாவில் மென்பொருள் பெயர்களை வரிசையாக அடுக்காமல், ஏரி வேலையை மூன்று வரியில் எழுதுங்கள்: கேள்வி, தரவு, விடை. சேரும்போது ஒப்பந்தம், அதாவது பாண்ட், கேட்கிறார்களா, அசல் சான்றிதழை வாங்கிவைக்கிறார்களா என்று முதலிலேயே விசாரியுங்கள். அசலைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

இன்னொரு வாசல் ஆய்வு நிறுவனங்களின் திட்டப் பணி. சென்னையில் கடற்கரை ஆய்வுக்கென்றே இரண்டு மத்திய நிறுவனங்கள் உண்டு: அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒன்று, பள்ளிக்கரணையில் ஒன்று. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இங்கேயே இருக்கிறது. பெங்களூரில் சூழலியல் ஆய்வுக்கு ஏட்ரீ, நகர ஆய்வுக்கு இந்திய மனிதக் குடியிருப்புகள் நிறுவனம். இத்தகைய இடங்களில் திட்டம் முடியும்வரைதான் வேலை. ஆனால் களப்பணியும் அறிக்கை எழுதும் பழக்கமும் கிடைக்கும், பிஎச்.டி. பற்றி யோசிப்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

8. பள்ளி ஆசிரியர் பணி

இங்கே வரிசை இறுக்கமானது. இளங்கலையில் 50 விழுக்காடு இருந்தால் இரண்டாண்டு பி.எட்.; இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. அதன் பின் இரண்டு கிளை.

பட்டதாரி ஆசிரியர் என்றால் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள் வேண்டும். 150 மதிப்பெண்ணில் சமூக அறிவியலுக்கு 60தான், அந்த 60-லும் வரலாறு, குடிமையியல், பொருளியல் பங்கு கேட்கும். மீதி 90 குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம். புவியியலை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். தகுதித் தேர்வில் தேறினாலே வேலை என்ற நம்பிக்கையும் வேண்டாம், அதற்குப் பிறகு நியமனத் தேர்வு தனியாக உண்டு.

முதுகலை ஆசிரியர் தேர்வில் 150-க்குப் பாடம் 110, கல்வியியல் 30, பொது அறிவு 10. கூடவே தமிழ்த் தகுதித் தாளில் 40 விழுக்காடு எடுத்தால்தான் மற்ற விடைத்தாளைத் திருத்துவார்கள். மேல்நிலையில் புவியியல் பிரிவு இருக்கும் பள்ளிகள் குறைவு, அதனால் இடங்களும் குறைவு. இதைத் தெரிந்தே இறங்குங்கள். பி.எட். படிக்கும் காலத்தில் முதுகலைத் தேர்வுக்கான பாடத்தைத் தொடாமல் விடுவது பெரிய இழப்பு; பாடம் மனதில் புதிதாக இருக்கும் நேரம் அதுதான்.

9. நெட், ஆய்வு, கல்லூரி

நெட் என்பது கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதிக்கும், ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகைக்குமான தேர்வு. அதில் புவியியலின் குறியீடு 80. மூன்று மணி நேரம், முதல் தாள் (கற்பித்தல், ஆய்வுத் திறன் பற்றிய பொதுத்தாள்) 50 கேள்வி, 100 மதிப்பெண், இரண்டாம் தாள் (பாடம்) 100 கேள்வி, தவறான விடைக்குக் கழிப்பு கிடையாது. ஆகவே ஒரு கேள்வியையும் விடாமல் எழுதுங்கள். இதைச் சொல்ல வேண்டுமா என்று தோன்றலாம், விட்டுவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள்.

புவியியல் அறிவை நம்பி முதல் தாளை அலட்சியம் செய்வது வழக்கமான பிழை. ஜே.ஆர்.எஃப். கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பெரும்பாலும் அந்த 100 மதிப்பெண்ணில் தீர்மானமாகிறது. ஜே.ஆர்.எஃப். தொகை 2023-இல் மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்தது. முழுநேர ஆய்வுக்கு அது பெரிய துணை. முதுகலை இரண்டாம் ஆண்டிலேயே எழுதலாம், அதனால் முடித்துவிட்டுப் பார்ப்போம் என்று தள்ளாதீர்கள்.

10. ஆட்சிப்பணித் தேர்வு

குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் தரவரிசைக்கான 1750 மதிப்பெண்ணில் விருப்பப் பாடம் 500. புவியியல் பட்டதாரி புவியியலை எடுப்பது இயல்பு. ஆனால் பட்டப்படிப்பின் விடைத்தாள் எழுதிய கையோடு போனால் போதாது. கோட்பாட்டை இந்திய நிகழ்வோடு இணைத்து, இரண்டு நிமிடத்தில் ஒரு படம் வரைந்து எழுதும் பயிற்சி வேண்டும். இரண்டாம் தாளில் இந்திய வரைபடத்தில் இடங்களைக் குறிக்கும் கட்டாயக் கேள்வி வரும். தினமும் நான்கைந்து இடம் என்று பழகினால் உறுதியாக வரக்கூடிய மதிப்பெண் அது.

சென்னையில் தங்கிப் படிக்க வசதி இல்லாதவர்கள் தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்தின் ஊக்கத்தொகைத் தேர்வைக் கவனியுங்கள்: தேர்வாகும் 1000 பேருக்கு முதல்நிலைத் தயாரிப்புக்காக மாதம் 7,500 ரூபாய், பத்து மாதங்களுக்கு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகளில் புவியியல் ஒரு சிறு பகுதி மட்டுமே, அங்கே நம் பட்டத்துக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை.

11. அடுத்த வீட்டுத் துறைகள்

சுருக்கமாக. டெல்லி திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளியின் திட்டமிடல் முதுகலை, புவியியல் முதுகலை முடித்தவர்களையும் ஏற்கிறது; இளங்கலை மட்டும் போதாது. மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்தில் புவியியல் மாணவர்கள் வழக்கமாகச் சேர்கிறார்கள், புள்ளியியல் பயம் இல்லாதவர்களுக்கு நல்ல இடம். பயிர்க் காப்பீடு, பேரிடர் மேலாண்மை, மாநில அரசின் ஜி.ஐ.எஸ். பிரிவு ஆகியவற்றில் ஒப்பந்த வேலைகள் அவ்வப்போது வரும்.

12. இறுதியாண்டில் தாள்களைத் தயார் செய்யுங்கள்

படிப்பும் திறனும் இருந்தும் காகிதத்தில் கோட்டைவிடுபவர்களுக்காக இந்தப் படி. எல்லாச் சான்றிதழிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஆதாரில் ஒன்று, பத்தாம் வகுப்பில் ஒன்று என்றால் இப்போதே திருத்த விண்ணப்பியுங்கள். ஓ.பி.சி. சான்றிதழ் மத்திய அரசுப் பணிக்குத் தனிப் படிவத்தில் வேண்டும், மாநில சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு நேரடி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. அதற்கான சான்றிதழ் கல்லூரியில் மட்டும் வாங்கினால் போதாது, ஒன்றாம் வகுப்பிலிருந்து நீங்கள் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் வாங்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு போனால் தலைமையாசிரியர் அறை வாசலில் உங்களைப் போலவே பத்துப் பேர் நிற்பார்கள். கோடை விடுமுறையில் பள்ளி அலுவலகம் திறந்திருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு, மாற்றுச் சான்றிதழ் நகலோடு போய் வாங்கிவிடுங்கள்.